ஒன்றாம் பாடத்துக்கும் பதினைந்தாம் பாடத்துக்கும் நடுவே

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தி முடித்த நாள். பெருமூளை, சிறுமூளை, முகுளம் எல்லாம் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து, பாகம் குறித்து, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. அன்று மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், எங்க பெரிய மாமா வண்டியிலேருந்து விழுந்தாரு. உடனே எழுந்து, வண்டியத் தூக்கி நிறுத்தி, சோடா குடிச்சிட்டு அவரேதான் வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தாரு. ராத்திரி படுத்தவரு காலைல எந்திரிக்கல. வெளிய ஒரு சொட்டு ரத்தம் வரல சார். அப்புறம் எப்படி?"

"உள்காயம்மா" என்றேன். எங்கள் ஊரில் டீக்கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டதற்கான விடை எனக்குப் பின்னால் பலகையிலேயே இருந்தது. மூளையின் வெளியுறையான டியூரா மேட்டர் என்று நானே அம்புக்குறி போட்டு எழுதியிருந்த கோட்டுக்கும் மண்டை ஓட்டுக்கும் இடையில் இருந்தது. பதினெட்டு வருஷம் அந்தப் படத்தை வரைந்திருந்தும் அது எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடம் இயக்க விதிகள். பதினைந்தாம் பாடம் நரம்பு மண்டலம். முதல் பாடத்தில் நிலைமம் வருகிறது, உந்தம் வருகிறது, பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் கையை ஏன் பின்னுக்கு இழுக்கிறார் என்பதற்கு விளக்கமாகக் கணத்தாக்கு வருகிறது. பதினைந்தாம் பாடத்தில் மூன்று உறைகளும் மூளைத் தண்டுவடத் திரவமும் வருகின்றன. அந்தத் திரவம் அதிர்ச்சியைத் தாங்கும் என்று ஒரு வரி உண்டு. என்ன அதிர்ச்சி, எவ்வளவு வரை தாங்கும், அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. இயற்பியல் நடத்துகிறவர் ஜூன் மாதம் நிலைமத்தை முடித்துவிடுவார். மூளை வருவதற்குள் தீபாவளி தாண்டிவிடும். தலைக்காயம் என்பது இந்த இரண்டு பாடங்களும் ஒரே நொடியில் ஒரே ஆளின் தலைக்குள் நடப்பது. புத்தகத்தில் அவை சந்திப்பதே இல்லை.

முதலில் மூளையின் தன்மை. பாடப் படங்களும் பிளாஸ்டிக் மாதிரிகளும் நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் மூளை என்பது வாதுமைக்கொட்டை மாதிரி கெட்டியான பொருள் என்றே தோன்றும். வகுப்பில் கேட்டுப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் "ரப்பர் மாதிரி இருக்கும்" என்றார்கள். உண்மையில் உயிருள்ள மூளை நோன்புக் கஞ்சியோடு வைக்கும் கடல்பாசியைவிடக் கொழகொழப்பானது. வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடை. தட்டில் எடுத்து வைத்தால் தன் எடையாலேயே சரிந்து அமுங்கிவிடும். தலைக்குள் அப்படி அமுங்காமல் இருப்பது மிதப்பதால்தான். சுமார் 150 மில்லி திரவம் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கிறது. அதில் மிதக்கும்போது மூளையின் எடை 50 கிராம் அளவுக்குக் குறைந்துபோகிறது. ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவம் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் இராப்பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறது. இதைச் சொன்னபோது பின் பெஞ்சுக்காரன் ஒருவன் தலையை மெதுவாக ஆட்டிப் பார்த்தான்.

இப்போது அந்தத் தலையை வண்டியில் ஏற்றலாம். பஸ்ஸில் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்கிறார் என்பது நிலைமத்துக்கு எல்லா ஆசிரியரும் சொல்லும் உதாரணம். மண்டை ஓடுதான் பஸ், மூளைதான் பயணி. தலை தார்ச்சாலையில் மோதி நின்ற பிறகும் உள்ளே மூளை போய்க்கொண்டிருக்கிறது. அடிபட்ட பக்கம் மோதுகிறது. சில நேரம் எதிர்ப்பக்கமும் காயப்படுகிறது. மண்டை ஓட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இல்லை. கண்ணுக்கு மேலே, நெற்றியின் அடித்தளத்தில் எலும்பு கரடுமுரடாக இருக்கிறது. பின்மண்டையில் அடிபட்டவருக்கும் பெருமூளையின் முன்பகுதி கன்றிப்போவது இதனால்தான்.

நேர்கோட்டு மோதலோடு விஷயம் முடிவதில்லை. 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளை ஒடித்து, தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த நரம்பியல் அறுவை நிபுணர். எதுவும் செய்ய முடியாமல் நின்ற அந்த நாட்களை அவர் மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, இருட்டடிப்பு இரவுகளில் ராணுவத் தகவல்களைச் சுமந்து ஓடிய மோட்டார் சைக்கிள்காரர்களைக் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 பேர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்திருந்தார்கள். தலைக்கவசத்தோடு அடிபட்டு அவரிடம் வந்தவர்கள் ஏழே ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். 1941-இல் கட்டுரையாக வந்த இந்தக் கணக்கு சிறியதுதான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பிரிட்டிஷ் ராணுவம் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அதே சட்டம் வர 1973 ஆயிற்று.

கெய்ன்ஸுக்குத் துணையாக ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் இயற்பியலாளர் இருந்தார். பெயர் ஹோல்போர்ன். மூளையைப் பற்றி மருத்துவர்கள் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டார்: இந்தப் பொருளை எந்த விதமாக அசைத்தால் கிழியும்? மண்டை ஓட்டின் வடிவில் அச்சு செய்து, அதற்குள் ஜெலட்டினை உறையவைத்து, சுழற்றி நிறுத்தி, ஒளியின் துணையால் உள்ளே எங்கெங்கே திரிபு ஏற்படுகிறது என்று பார்த்தார். 1943-இல் வெளியிட்ட முடிவு இது: மூளையை அழுத்திச் சுருக்க முடியாது, தண்ணீரைப் போல. ஆனால் அடுக்கு மேல் அடுக்காக வழுக்கித் திரிய அதற்குத் தடை மிகக் குறைவு. ஆகவே தலை நேராக மோதுவதைவிட, சட்டென்று திருகிக்கொள்வதுதான் உள்ளே இழைகளை அறுக்கும். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1956-இல், சபீனா ஸ்ட்ரிச் என்ற நோயியலாளர் தலைக்காயத்துக்குப் பின் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீண்ட ஆக்சான் இழைகள் பரவலாகச் சிதைந்திருந்ததைக் கண்டார். வெளியே எலும்பு உடைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜெலட்டினுக்கும் ஒளிக்கருவிக்கும் அரசுப் பள்ளியில் வழியில்லை. முட்டைக்கு வழியுண்டு. சத்துணவுக் கூடத்து அக்காவிடம் கேட்டு, வேகவைக்காத முட்டை ஐந்து வாங்கி வந்தேன். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, முட்டைக்கு அடியில் செல்போன் டார்ச்சைப் பிடித்தால் முட்டை முழுவதும் பளிச்சென்று மஞ்சளாக ஒளிர்ந்தது. பிறகு முழுக்கைச் சட்டையின் கைக்குள் முட்டையைப் போட்டு, இரு பக்கமும் ரப்பர் பேண்டால் கட்டி, இரண்டு முனையையும் பிடித்து ராட்டினம் போல் சுற்றி முறுக்கேற்றி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். முட்டை உள்ளே விர்ரென்று ஒரு பக்கம் சுழன்று நின்று மறுபக்கம் சுழலும். முதல் முட்டை மேசை விளிம்பில் பட்டு உடைந்து சட்டை நாறிப்போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பத்துப் பதினைந்து தரம் இழுத்த பிறகு எடுத்து மறுபடி டார்ச்சில் பிடித்தோம். ஓட்டில் மயிரிழைக் கீறல் இல்லை. ஆனால் ஒளி மங்கிச் சிவந்திருந்தது. உள்ளே மஞ்சள் கருவின் சவ்வு அறுந்து வெள்ளையோடு கலந்துவிட்டிருந்தது. அக்கா அதை அவித்து உரித்தபோது வெள்ளைக்கரு என்று தனியாக ஒன்று இல்லை. எங்கும் வெளிர் மஞ்சள். "என்னா சார் பண்ணுனீங்க இத?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஹோல்போர்ன் காட்டியதும் ஸ்ட்ரிச் கண்டதும் இந்த ஒரு முட்டையில் இருக்கின்றன. மூளை முட்டையல்ல, உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் "வெளியே ஒன்றுமில்லையே" என்ற வாக்கியத்தை அந்த வகுப்பு அதற்குப் பிறகு நம்பவில்லை.

அந்தப் பெண் கேட்டதற்கு இந்த முட்டையிலும் விடை இல்லை. அவள் மாமாவின் விஷயம் வேறு. அவரை யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. உறுதியாகச் சொல்ல நான் மருத்துவனும் அல்ல. ஆனால் விழுந்தவர் எழுந்து நடந்து, பேசி, சில மணி நேரத்தில் மயங்கிச் சாய்வதை மருத்துவ நூல்கள் விரிவாக எழுதியிருக்கின்றன. காதுக்கும் கண்ணுக்கும் நடுவே பொட்டு என்கிறோமே, அங்கே எலும்பு மிக மெல்லியது. "பொட்டுல பட்டா போச்சு" என்று கிராமத்தில் சொல்வது சரியான உடற்கூறியல். அந்த மெல்லிய எலும்புக்கு உட்புறமாக, டியூரா மேட்டரை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழும்போது அந்தத் தமனி கிழிந்தால், ரத்தம் எலும்புக்கும் டியூராவுக்கும் இடையே தேங்கத் தொடங்கும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், திரவம் மூன்றுக்கும் சேர்த்து இருப்பது ஒரே அளவு இடம். மண்டை ஓடு விரியாத பெட்டி என்பதை எடின்பரோவின் உடற்கூறியலாளர் மன்ரோ 1783-லேயே சொன்னார். ரத்தக்கட்டு பெருக ஆரம்பித்ததும் திரவம் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுக்கும், சிரைகள் சுருங்கி இடம் கொடுக்கும். அந்த அவகாசத்தில்தான் மனிதர் சோடா குடிக்கிறார், வண்டி ஓட்டுகிறார். கொடுக்க இடம் தீர்ந்ததும் அழுத்தம் செங்குத்தாக ஏறி, மூளை கீழே முகுளத்தின் பக்கம் தள்ளப்படுகிறது. மூச்சை நடத்துவது முகுளம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

நேரத்தில் ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டை அகற்றினால் பிழைக்கக்கூடிய காயங்களில் இது முன்னணியில் இருப்பது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப எழுப்பத் தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் கசிவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். நம் பாடநூலில் இதற்குத்தான் இடம் இருக்க வேண்டும். மூளைத் திரவத்தின் பணிகளை மூன்று குறிப்பாக எழுது என்பதற்கு அடுத்த பக்கத்தில்.

அதே உறையின் அடியில் நடப்பது இன்னொரு கதை. வயதானால் மூளை சற்றே சுருங்கும். டியூராவுக்குப் போகும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் வழுக்கி லேசாகத் தலை இடித்துக்கொண்ட பாட்டிக்கு அங்கே ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, மூன்று வாரம் கழித்துத் தடுமாற்றமும் பேச்சுக் குழறலும் வரலாம். வீட்டில் எல்லோரும் "வயசாயிடுச்சு, புத்தி பிசகுது" என்று விட்டுவிடுவார்கள். எலும்பில் துளையிட்டு அந்த ரத்தத்தை வடித்தால் பல பேர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். தமனிக்கும் சிரைக்கும் வித்தியாசம் கேட்டால் பிள்ளைகள் அட்டவணை போடுவார்கள். இந்த இரண்டு கதைகளும் அந்த அட்டவணைதான்.

தலைக்கவசத்துக்கு வருவோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 விழுக்காடு இருசக்கர வண்டிக்காரர்கள். கவசம் போடாததால் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கணக்கு வைத்தது 50,029 பேரை. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடு முதலிடம்: 64,105. இந்த எண்களைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், விட்டார்கள். வேறொரு கணக்கு அவர்களை நிமிர்த்தியது. வண்டியே ஓடவில்லை, நின்ற இடத்தில் சாய்கிறோம். தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது வேகம் என்ன? இயக்கச் சமன்பாடுதான்: நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர், மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வெறுந்தலை 5 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 300 மடங்கு. கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் 60 மடங்கு. பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுக்கிறாரே, அதே கணத்தாக்கு. "சும்மா தெருமுனைக் கடைக்குத்தானே சார்" என்ற வாதம் இந்தக் கணக்கோடு செத்தது.

உயிரைக் காப்பது வெளி ஓடு மட்டுமல்ல, நசுங்குகிற தெர்மாகோலும்தான் என்பது பலருக்குப் புதிய செய்தி. பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரி செய்ய வெட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே பொருள். ஒருமுறை நசுங்கினால் திரும்ப உப்பாது. ஆகவே பலமாக அடிபட்ட கவசம் பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. தாடைப்பட்டி போடாத கவசம் தலைக்கு முன்னால் தரைக்குப் போய்விடும். சாலையோரத்தில் குவித்து விற்கும் தொப்பிகளில் இந்த உள்ளடுக்கே இருப்பதில்லை; ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கச் சொல்வது இதற்காக. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிவைத்த ஊரில் தலைப்பாகையை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறோம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கவசம் என்கிறது. பள்ளி வாசலில் காலை எட்டே முக்காலுக்கு நின்று பார்த்தால், அப்பா தலையில் கவசம் இருக்கும். பின்னால் இருக்கும் இரண்டு பிள்ளைகள் தலையிலும் ரிப்பன்தான். காவல்துறைக்காகப் போடுவது அப்பா தலையோடு நின்றுவிடும். இந்தச் சட்டத்தை மீறுகிறவர்களைத் திட்டி எழுதுவது எளிது. மூன்று கவசத்தின் விலை ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு என்ன என்பதையும் நான் அறிவேன்.

லேசான மூளைக்காயத்துக்கு நம் மொழியில் ஒரு சொல் எப்போதிருந்தோ உண்டு. "பொறி கலங்கிப்போச்சு." பொறி என்றால் புலனுறுப்பு. அடி விழுந்த நொடியில் ஐந்து பொறியும் ஒன்றாகத் தடுமாறுவது. பாடநூல் இதற்கு ஆங்கிலச் சொல்லைத் தேடிப்போக வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஓர் ஆசிரியரிடம்தான், "ஒண்ணு வச்சேன்னா பொறி கலங்கிடும்" என்ற வடிவில். நாங்கள் வாங்கிய குட்டுகளுக்கு மூளையில் பாதிப்பு வந்திருக்காது. ஆனால் தலை என்பது ஆசிரியர் கை ஓங்கக்கூடிய இடம் என்று கற்றுக்கொண்ட ஒருவன் தலைக்காயத்தைப் பற்றி வகுப்பெடுக்க வந்து நின்றான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொறி கலங்கியவனை என்ன செய்வது என்பதில் கிரிக்கெட் நமக்கு முன்னால் போய்விட்டது. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனையில் தேறி அன்றே திரும்பி வந்து மட்டை பிடித்தார். மறுநாள்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் கவசத்தில் பந்து பட்டதும், அவருக்கு மாற்றாகச் சஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தார். சேலத்து நடராஜன் முதல் முறை இந்தியாவுக்காக இருபது ஓவர் ஆட்டம் ஆடிய அதே போட்டி; பையன்களுக்கு ஓவர் ஓவராக ஞாபகம் இருக்கிறது. அறிகுறி தாமதமாக வரும், ஆகவே சந்தேகம் இருந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே எடு என்பதுதான் இப்படி மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் விதிக்குப் பின்னால் இருக்கும் நரம்பியல். எங்கள் மைதானத்தில் கபடியில் தலையும் தலையும் மோதினால் "ஒண்ணுமில்லடா, எந்திரி, மூஞ்சியக் கழுவிட்டு வா" என்பதோடு சரி.

மூளைக்காயத்தைப் பாடமாக்கிய இடங்களில் பொதுவாக ஒரு மனிதர் வந்துவிடுவார்: ஃபினியாஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில் பாதைக்குப் பாறை பிளக்க வெடிமருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி இடக்கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. பிழைத்தார். ஆனால் குணம் மாறி, நாக்கில் நிதானம் போய், பழைய வேலைக்கு உதவாதவர் ஆனார் என்று அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் ஹார்லோ எழுதினார். பாடநூல்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டன. சில, அவரைக் குடிகாரராகவும் ஊர்சுற்றியாகவும் வளர்த்துவிட்டன. மால்கம் மக்மில்லன் என்ற உளவியலாளர் 2000-இல் ஒரு முழுப் புத்தகம் எழுதி, மூல ஆவணங்களில் அவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். கேஜ் பல ஆண்டுகள் சிலி நாட்டில் குதிரைகள் பூட்டிய பயண வண்டி ஓட்டினார். புரியாத மொழி பேசும் பயணிகள், கரடுமுரடான பாதை, பல குதிரைகளின் கடிவாளம். உருப்படாதவர் செய்யும் வேலையல்ல அது. ஓரளவு மீண்டு வந்திருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

கம்பி பாய்ந்த கதையைவிட வண்டி ஓட்டிய கதைதான் வகுப்புக்குத் தேவை. எங்கள் பள்ளியில் ஒரு பையன் விபத்துக்குப் பின் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். தையல் ஆறி முடி வளர்ந்துவிட்டது; பார்க்கப் பழைய ஆள். மதியத்துக்கு மேல் மேசையில் தலை வைத்துப் படுப்பான். சொன்னதைத் திரும்பக் கேட்பான். சத்தம் கூடினால் சட்டென்று கோபம் வரும். ஆசிரியர் அறையில் நாங்கள் அவனைப் பற்றி என்ன பேசினோம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "நடிக்கிறான்" என்பது அதில் மென்மையான சொல். களைப்பும் மறதியும் எரிச்சலும் அந்தக் காயத்தின் அறிகுறிகள் என்று பதினைந்தாம் பாடம் நடத்துகிற எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பாடத்தைக் குறைத்து, இடையில் ஓய்வு கொடுத்து, எழுதிக் காட்டிச் சொன்னால் அவன் தேறியிருப்பான். பொதுத்தேர்வுக்கு அவன் வரவில்லை.

இந்தப் பாடத்தை நடத்துவதில் ஓர் ஆபத்தும் உண்டு. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு மூன்று பேர் வீட்டிலாவது தலைக்காயம் வந்துபோயிருக்கும். விபத்துப் படங்களைத் திரையில் போட்டு அதிரவைக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளைகள் அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்திருக்கிறேன். முட்டையைப் பார்க்க யாரும் முகத்தைத் திருப்பவில்லை. கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல என்பதையும் அந்த வாரமே சொல்லிவிடுவது நல்லது. கோமாவிலிருந்து மீள்பவர் உண்டு. மூளைத்தண்டு செயலிழந்து மூளைச்சாவு உறுதியானவர் மீள்வதில்லை, இதயத்தை ஓட வைப்பது கருவியின் காற்றுதான். 2008-இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளிக்க அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு உறுப்புக்கொடை நம் மாநிலத்தில் பேச்சுப்பொருள் ஆயிற்று. ஆனால் "உயிர் இருக்கும்போதே எடுத்துட்டாங்களாம்" என்ற கிசுகிசு இன்னும் ஓயவில்லை. அதற்கு மறுமொழி முகுளத்தின் பணியில் இருக்கிறது.

ஓய்வுபெறும் வருஷம் அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் முறை எனக்கு வந்தது. நான்கு மதிப்பெண் கேள்வி ஒன்று வைத்தேன்: "வண்டியிலிருந்து விழுந்த ஒருவர் எழுந்து நடந்து வீட்டுக்குச் சென்றார், ஆறு மணி நேரத்துக்குப் பின் மயங்கினார். நிலைமம், மூளை உறைகள், மண்டை ஓட்டின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு விளக்குக." தட்டச்சுக்குப் போகும் முன் சரிபார்த்த சக ஆசிரியர் இரண்டு தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வினாத்தாளின் ஓரத்தில் பாட எண் எழுத வேண்டிய கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சார், இது எந்தப் பாடத்துல வருது?"